காத்திருக்கும் இல்லம்

மேலைத் திருச்சபைகளின் வழிபாட்டு ஆண்டு ஜனவரி முதல் தேதியன்று தொடங்குவதில்லை. கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்காவது ஞாயிறே அதன் முதல் நாள். நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் அது வரும். அந்நாள் தொட்டு டிசம்பர் 24 முடியவுள்ள காலத்துக்கு இலத்தீன் மொழியில் ‘அட்வெந்துஸ்’ என்று பெயர். வருகை என்பதே அதன் பொருள். தமிழ்க் கத்தோலிக்கர் இதனைத் திருவருகைக் காலம் என்பர். சீர்திருத்தத் திருச்சபையார் ஆகமன காலம் என்றும், மூலச் சொல்லையே சிறிது வளைத்து அட்வெந்து என்றும் வழங்குவர்.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்டுள்ள நம்போன்றோர் இச்சொல்லின் முன் சற்றே நின்றுவிடுகிறோம். வருதல் என்பது வருபவர் செய்யும் வினை. வீட்டிலிருப்பவர் அந்நாட்களில் செய்யக்கூடியது காத்திருத்தல் ஒன்றே. ஆகவே, இப்பருவத்துக்குப் பெயர் விருந்தினரின் பக்கமிருந்து கிடைத்தது; இதன் உழைப்போ முழுவதும் வீட்டாரின் பக்கம் இருக்கிறது. அந்த வீட்டாரைப் பற்றிச் சில வார்த்தைகள் இங்குக் கூற விரும்புகிறோம். கிறிஸ்தவர் அல்லாத நேயர்களும் இதனைக் கேட்கலாம். ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் வாழும் தமிழர் எவர்க்கும் காத்திருத்தல் புதிய கலையன்று.

விழா எந்தக் கிழமையில் வருகிறதோ அதற்கேற்ப இக்காலம் 22 நாட்களாகச் சுருங்கவும் 28 நாட்களாக நீளவும் கூடும். இதன் பழைய இயல்பு கொண்டாட்டமன்று, அடக்கமே. ஐந்தாம் நூற்றாண்டில், இன்றைய பிரான்சிலுள்ள தூர் நகரத் திருச்சபையில், நவம்பர் 11 முதல் கிறிஸ்து பிறப்பு வரை வாரத்தில் மூன்று நாள் நோன்பிருக்கும் ஒழுங்கு ஏற்பட்டது. நம் அண்டை வீட்டு மலையாளச் சுரியானிக் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் தேதி தொடங்கி இருபத்தைந்து நாள் நோன்பு காப்பதை டில்லியிலும் பம்பாயிலும் இன்றும் காணலாம். அந்நாட்களில் மீன்கறியின் மணம் அவ்வீடுகளிலிருந்து வருவதில்லை என்பதை அடுத்த வீட்டார் நன்கு அறிவர். கத்தோலிக்க ஆலயங்களில் குருவின் உடை ஊதா நிறமாக மாறும். வானவர் பாடியதாகச் சொல்லப்படும் புகழ்ப்பா இந்நான்கு ஞாயிறுகளில் பாடப்படுவதில்லை. விழாவின் இரவுக்கென்று அது சேமித்து வைக்கப்படுகிறது. கடைவீதியோ நவம்பர் நடுவிலேயே நட்சத்திர விளக்குகளைத் தொங்கவிட்டுவிடுகிறது. அதனைக் குறை கூறிப் பயனில்லை. காத்திருத்தல் கடைவீதியின் தொழிலன்று.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் கிறிஸ்தவரின் நிலையில் ஒரு தனித்தன்மை உண்டு. ஊரில் ஆலயமணி ஓசையிலேயே பருவம் மாறுவதை அறிந்துகொள்ளலாம். இங்கோ ஒரே ஆலயக் கட்டடத்தை இந்தி, ஆங்கிலம், மலையாளம், தமிழ் என்று பல மொழியார் நேரம் பிரித்துப் பயன்படுத்துவது வழக்கம். ஆலயம் நெடுந்தொலைவில் இருப்பதும் வழக்கம். நம்மவர் பலர் வழிபடும் வட இந்தியத் திருச்சபை 1970-ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று நாகபுரியில் அமைந்தது. அந்நாள் அவ்வாண்டின் ஆகமன காலத்து முதல் ஞாயிறாயிருந்தது. ஆறு சபைகள் ஒன்றாவதற்கு அவ்வளவு பொருத்தமான நாள் வேறில்லை. ஆயினும், வாரத்தின் மற்ற ஆறு நாட்களிலும் தமிழில் வேதம் வாசிக்கவும் மன்றாடவும் உரிய இடம் ஒன்றே ஒன்றுதான். மூன்றாம் மாடியில், ஈரத்துணி காயும் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டியை நிறுத்திவிட்டு நடக்கும் குடும்ப ஜெபமே அது.

இதில் குறையொன்றும் இல்லை என்பதே நம் கருத்து. இப்பருவத்தில் வாசிக்கப்படும் நற்செய்திப் பகுதிகளை எடுத்துப் பாருங்கள். லூக்காவின் முதல் அதிகாரம் எருசலேம் ஆலயத்தில், தூபம் காட்டும் குரு செக்கரியாவிடம் தொடங்குகிறது. தொடங்கிய கதை ஆலயத்தில் நிற்பதில்லை, வீட்டுக்கு வந்துவிடுகிறது. வானதூதர் சொன்னதை நம்பாத செக்கரியா பேச்சிழந்து வீடு திரும்புகிறார். வயது முதிர்ந்த மனைவி எலிசபெத்து கருவுற்றிருக்கிறாள். மாதக்கணக்கில் அவ்வீட்டில் கணவரின் குரல் கேட்கவில்லை. குழந்தை பிறந்த எட்டாம் நாள் உறவினர் கூடுகின்றனர். தகப்பன் பெயரையே பிள்ளைக்கு இட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். யோவான் என்று பெயரிட வேண்டும் என்கிறாள் தாய். உன் உறவில் அப்படிப் பெயருடையவர் யாருமில்லையே என்று அவர்கள் மறுக்கிறார்கள். தாயின் சொல்லை ஏற்காமல் தகப்பனிடம் சைகை காட்டிக் கேட்கிறார்கள். அவரோ ஒரு பலகையை வாங்கி, தாய் சொன்ன பெயரையே எழுதுகிறார். உடனே அவர் நாவு அவிழ்கிறது.

பாட்டன் பெயரா, அம்மாவைப் பெற்றவர் பெயரா என்று பெயர்சூட்டு நாளில் வழக்காடாத தமிழ்க் குடும்பம் உண்டோ? அத்தகைய ஒரு வழக்கின் நடுவில்தான் அம்மனிதருக்குப் பேச்சு மீள்கிறது. மனைவி சொன்னதைச் சரியென்று எழுதிக் காட்டிய நொடியில் அது மீண்டது என்பதைக் கணவன்மார் கவனித்தல் நலம்.

அடுத்து மரியா வருகிறார். தமக்கும் ஒரு பெருஞ்செய்தி கிடைத்த அந்நாட்களில், அந்த இளம்பெண் மலைநாட்டை நோக்கி விரைந்து செல்கிறார். முதுமையில் கருவுற்ற உறவினளுடன் ஏறத்தாழ மூன்று மாதம் தங்குகிறார். அம்மூன்று மாதத்தில் அவர் என்னென்ன செய்தார் என்பதை லூக்கா எழுதவில்லை. நம் வீடுகளில் பேறுகாலத்துக்குத் துணையாகச் செல்லும் பெண்கள் செய்வதற்கு வேறாக அது இருந்திருக்க இயலாது. தண்ணீர் இறைப்பது, மாவு அரைப்பது, பேச முடியாத கிழவருக்கும் நடக்க முடியாத மனைவிக்கும் இடையில் செய்தி கொண்டு செல்வது ஆகியவையே அவை.

இனி, அரசாங்க உத்தியோகத்தில் உள்ளோர் நன்கு உணரக்கூடிய ஒரு செய்தி. அகுஸ்துராயன் குடிமதிப்புக்கு ஆணையிட்டான். அவரவர் தம் தம் முன்னோரின் ஊருக்குச் சென்று பதிந்துகொள்ள வேண்டுமாம். வாழும் ஊர் நாசரேத்து; பூர்வீக ஊர் பெத்லகேம். நம் பணிப் பதிவேட்டிலும் ‘சொந்த ஊர்’ என்றொரு கட்டம் இருக்கிறது. வாழ்நாளில் முப்பது ஆண்டுகள் வடக்கே கழித்தாலும், விடுமுறைப் பயணச் சலுகைக்காக நாம் அதில் ஒரு தென்பாண்டிச் சிற்றூரை எழுதி வைக்கிறோம். நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. நடந்தால் நான்கைந்து நாள் ஆகும். நிறைமாதக் கர்ப்பிணியை அழைத்துக்கொண்டு அரசாணைக்காகப் புறப்பட்ட அந்தத் தச்சரைப் போலவே, மாற்றல் உத்தரவைக் கையில் பிடித்துக்கொண்டு மனைவி மக்களுடன் புறப்பட்டவர்கள் இதனைக் கேட்போரில் எத்தனை பேர்! தூத்துக்குடி மாவட்டத்திலும் நாசரேத்து என்றொரு ஊர் உண்டு, அதற்கு ஒரு ரயில் நிலையமும் உண்டு. அங்கிருந்து வண்டியேறியவர்களுக்கு இவ்வொப்புமை இன்னும் சற்று நெருக்கமாகவே படும்.

அந்தத் தச்சராகிய யோசேப்பு பேசியதாக ஒரு சொல்லும் நான்கு நற்செய்தி நூல்களிலும் இல்லை. கனவு காண்கிறார், விழித்தெழுகிறார், சொன்னபடி செய்கிறார். மணம் முடிக்கவிருந்த பெண்ணைப் பற்றி ஐயம் எழுந்தபோதும், அவளை ஊரறிய அவமானப்படுத்தலாகாது என்பதே அவருடைய முதல் எண்ணமாயிருந்தது என்கிறார் மத்தேயு. இப்படி வாய் திறவாத ஒருவரை ஒரு பெருங்காப்பியத்தின் தலைவராக ஆக்கத் துணிந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியில் பிறந்த அவர் 1726-இல் இயற்றி முடித்த தேம்பாவணியில் 36 படலங்கள், 3,615 பாடல்கள் உள்ளன. அதன் பாட்டுடைத் தலைவர் மன்னருமல்லர், மறவருமல்லர். கைத்தொழில் செய்து குடும்பம் காத்த இல்லறத்தார். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயருக்குப் பெருகுதல் என்னும் கருத்து உண்டு. முனிவர் அதனை ‘வளன்’ என்று தமிழாக்கினார். மூன்றே எழுத்து, பொருளும் நிற்கிறது, தமிழின் ஓசையும் நிற்கிறது. நாள்தோறும் சுற்றறிக்கைகளைத் தமிழாக்குவோர் பொறாமைப்படத் தக்க சொல் அது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்னார்து என்னும் துறவி, ஆகமன கால மறையுரைகளில், கிறிஸ்துவின் வருகை மூன்று என்று கூறினார். உடலெடுத்து வந்தது முதலாவது. மாட்சியோடு வரவிருப்பது இறுதியானது. இவ்விரண்டுக்கும் நடுவில், ஒருவரும் காணாமல் மனிதரின் உள்ளத்துக்குள் வருவது இன்னொன்று. முதலாவது நடந்து முடிந்துவிட்டது. இறுதியானதன் நாள் ஒருவர்க்கும் தெரியாது. ஆகவே குடும்பத்தாரின் கைக்கு எட்டுவது அந்த நடுவருகை மட்டுமே. அதற்குத் தேதி கிடையாது. எந்தச் செவ்வாய்க்கிழமை மாலையிலும் அது நிகழலாம்.

மாலை வேளையில் ஏற்றும் ஆகமன மெழுகுவத்திகளின் வரலாறும் இதற்கு இயைந்தது. பலரும் நினைப்பதுபோல் அது பழங்காலத்து வழக்கமன்று. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர்க்காக இல்லம் ஒன்றை நடத்திவந்த யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்னும் போதகரிடம், விழா எப்போது வரும், எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாது கேட்டனராம். அவர் 1839-இல் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்கென நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகளையும் மற்ற நாட்களுக்கெனச் சிறிய சிவப்பு மெழுகுவத்திகளையும் அதில் நிறுத்தி, நாளுக்கொன்றாக ஏற்றிக் காட்டினார். இன்று வீடுகளில் நான்கு மெழுகுவத்தியோடு நிற்கும் வளையம் அதன் வழி வந்ததே. ‘எப்போது?’ என்று திரும்பத் திரும்பக் கேட்பவரிடம் எரிச்சல் கொள்ளாமல் இருப்பதற்கு ஒருவர் கண்டுபிடித்த கருவி அது என்றும் நாம் சொல்லலாம்.

அக்கருவி டில்லியில் ஒரு தமிழ் வீட்டில் எவ்வாறு பயன்பட்டது என்பதை நாம் அருகிலிருந்து கண்டோம்.

யமுனைக்குக் கிழக்கே, இரண்டு அறை கொண்ட வாடகை வீடு. கணவர் அலுவலகமொன்றில் எழுத்தர். மனைவி பள்ளி ஆசிரியை. பதினோரு வயதில் ஒரு பையன். கணவரின் தாயாரும் உடனிருந்தார். தென்கோடிச் சிற்றூரில் இருக்கும் பூர்வீக வீட்டைப் பற்றி மூத்த மகனுக்கும் இளைய மகனுக்கும் வழக்கு மூண்டு, வக்கீல் நோட்டீசு வந்தபின், நான்கு ஆண்டுகளாக அண்ணன் தம்பி பேசிக்கொள்ளவில்லை. தாயார் இளையவருடன் வடக்கே வந்துவிட்டார். வந்த இரண்டாம் ஆண்டில் அவரை மறதி நோய் பற்றியது.

குளிர்காலத்தில் டில்லியில் ஐந்தரை மணிக்கே இருட்டிவிடும். இருள் சூழும் அந்த நேரம் அம்மூதாட்டியை மிகவும் அலைக்கழித்தது. பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வாயிற்பக்கம் அமர்வார். “பெரியவன் எப்போ வாரான்? ரயிலுக்கு நேரமாச்சே” என்பார். மகன் நேர்மையான மனிதர், உள்ளதைச் சொல்வார். “அவன் வரமாட்டான் அம்மா.” அந்தச் செய்தியை ஒவ்வொரு மாலையும் அத்தாய் முதன்முதலாகக் கேட்பதுபோலவே கேட்டு அழுவார். மறுநாளைக்கு அந்த அழுகையும் மறந்திருக்கும். கேள்வி மட்டும் நிற்கும். நாளை வருவான் என்று பொய் சொல்லிவிடுங்கள், நிம்மதியாகத் தூங்குவார்கள் என்று அடுத்த வீட்டார் கூறினர். அது மகனுக்கு ஒப்பவில்லை.

ஆகமன காலத்து முதல் ஞாயிறன்று மருமகள் ஒரு தாம்பாளத்தில் மணல் பரப்பி நான்கு மெழுகுவத்திகளை நட்டு, இரவு ஒன்பது மணிக்கு நடந்துவந்த குடும்ப ஜெபத்தை மாலை ஐந்தரைக்கு மாற்றினார். முதல் மெழுகுவத்தியை ஏற்றும்போது வழக்கமான கேள்வி வந்தது. கணவர் வாய் திறக்குமுன் அவர் சொன்னார்: “காத்துக்கிட்டுத்தான் இருக்கோம் அத்தை. வாங்க, நம்மகூட உக்காருங்க.”

மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இவ்விடையை நாம் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறோம். அதில் பொய்யில்லை; காயமும் இல்லை. வரமாட்டான் என்பது ஒரு தீர்ப்பு. வருவான் என்பது ஒரு வாக்குறுதி. காத்திருக்கிறோம் என்பதோ, கேட்டவரும் சொன்னவரும் ஒரே பாயில் அமர்வதற்கு இடமளிக்கிறது. அன்று மூதாட்டி அழவில்லை. வந்து அமர்ந்தார்.

வேதத்தை வாசிக்கும் பொறுப்பு பையனுக்கு விழுந்தது. இந்தியும் ஆங்கிலமும் தடையின்றி வரும் அவனுக்குத் தமிழெழுத்து தடுமாறும். லூக்காவின் முதல் அதிகாரத்தை அவன் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்க, மருமகளின் பெயரையே மறந்துவிட்ட ஆச்சி, அவன் நின்ற இடத்திலிருந்து வசனத்தை எடுத்து மனப்பாடமாக முடித்தார். இளமையில் ஞாயிறு பள்ளியில் கற்றது நோய்க்கு எட்டாமல் எங்கோ தங்கியிருந்தது. அன்று முதல் அது அவ்விருவருக்கும் ஒரு விளையாட்டாயிற்று. பையன் வேண்டுமென்றே சில இடங்களில் தடுக்கி விழுந்தான் என்று நாம் ஐயுறுகிறோம்.

இளையவரின் நிலைதான் கடினம். நாள்தோறும் மனைவி அச்சொல்லைச் சொல்வதையும் தாய் அதனை ஏற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தார். காத்திருக்கிறோம் என்று ஒரு வீடு சொல்லுமானால், வரவேண்டியவருக்கு எவராவது அழைப்பு விடுத்திருக்க வேண்டும் அன்றோ? அழைக்காதவர் காத்திருப்பதாகச் சொல்வதும் ஒருவகைப் பொய்தானே? இக்கேள்வியை அவரிடம் வேறு யாரும் கேட்கவில்லை. இரண்டாம் வாரத்தில் ஒரு மாலை அவர் ஜெபத்துக்கு வராமல் மாடிப்படியில் நின்றிருந்தார். மூன்றாம் மெழுகுவத்தி ஏற்றிய மறுநாள், நான்கு ஆண்டுகளுக்குப் பின், அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டைப் பற்றி இருவரும் பேசவில்லை. அம்மாவின் மருந்துகளைப் பற்றியும், அவர் சாப்பிடும் அளவைப் பற்றியும், டில்லிக் குளிரைப் பற்றியும் பேசினர். இறுதியில் அண்ணன், “டிக்கெட் கிடைக்குதான்னு பாக்கேன்” என்றாராம்.

விழாக்காலத்தில் டிக்கெட் கிடைப்பது எளிதா? வெயிட்டிங் லிஸ்டில் ஒன்று கிடைத்தது. புறப்படும் நாளில்தான் அது உறுதியாயிற்று. டிசம்பர் 23 காலையில் வரவேண்டிய வண்டி மூடுபனியில் எங்கெங்கோ நின்று நின்று இரவில்தான் வந்து சேர்ந்தது. தம்பி காலை முதல் மேடையிலேயே இருந்தார். நடுவில் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாமே என்று மனைவி சொன்னதற்கு, வேண்டாம் என்றுவிட்டார். வண்டியிலிருந்து இறங்கியவர் கையில் ஒரு தகர டின் நிறைய முந்திரிக்கொத்தும், தலைக்கு மேல் பிடித்தபடி ஒரு கருப்பட்டிப் பொட்டலமும் இருந்தன. இருவருக்கும் பேச ஒன்றும் கிடைக்கவில்லை. டின்னைத் தம்பி வாங்கிக்கொண்டார்.

அண்ணன் எட்டு நாள் தங்கினார். வீட்டுப் பங்கு இன்றுவரை தீரவில்லை. அந்த வக்கீல் நோட்டீசும் அவ்வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது. தாயார் மூத்த மகனை அடையாளம் கண்டாரா என்று கேட்டால் உறுதியாகச் சொல்வதற்கில்லை. ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று மட்டும் அறிந்துகொண்டு, சாப்பிட்டாயிற்றா என்று திரும்பத் திரும்ப விசாரித்தார். விழாவுக்கு முந்திய மாலை நான்கு மெழுகுவத்திகளும் எரிந்தன. பையை மடியில் வைத்துக்கொண்டு மூதாட்டி வழக்கம்போல் கேட்டார்: “பெரியவன் எப்போ வாரான்?”

அருகில் பாயில் அமர்ந்திருந்த மூத்தவர், “வந்துட்டேன் அம்மா” என்றார்.

“அப்போ சரி” என்று சொல்லிப் பையைக் கீழே வைத்தார் தாயார். மறுநாள் மாலையும் கேட்டார். மீதி நாட்களிலும் கேட்டார். ஒவ்வொரு மாலையும் பெரியவரே பதில் சொன்னார்.